கடனும் விடுதலையும்: கண்டிச் சீமையிலிருந்து செங்கல் சூளை வரை



நம் கோயில் எழும்பி 125 ஆண்டுகள் நிறைவுறும் இந்த நன்னாளில், மலர்க் குழுவினர் நம்மிடம் பங்கின் வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டனர். கோயில் கட்டிய வரலாறும், பங்கை ஆண்ட குருக்களின் வரிசையும், பள்ளிக்கூடம், கெபி, கொடிமரம் ஆகியவற்றின் வரலாறும் இம்மலரின் வேறு பக்கங்களில் உள்ளன. ஆகவே நாம் வேறொரு வரலாற்றை எழுதத் துணிந்தோம். அது இவ்வூரை விட்டுப் பிழைக்கப் போனவர்களின் வரலாறு. இவ்வூருக்குப் பிழைக்க வந்தவர்களின் வரலாறும் ஆகும். இதில் பெருமைப்படத்தக்கவையும் உண்டு; வெட்கப்படத்தக்கவையும் உண்டு. யூபிலி ஆண்டில் இரண்டையும் சொல்வதே முறை.

யூபிலி என்றால் என்ன?

யூபிலி என்றவுடன் நமக்குச் சப்பரமும் வாணவேடிக்கையும் அசனமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வேதாகமத்தில் யூபிலி என்பது முதலாவது கடனைப் பற்றிய சட்டம். லேவியர் ஆகமத்தின் 25-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊத வேண்டும். கடனுக்காக நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்குத் திரும்ப வேண்டும். கடனுக்காகத் தன்னையே விற்றுக்கொண்டவன், மனைவி மக்களோடு விடுதலை பெற்றுத் தன் குடும்பத்தாரிடம் போகவேண்டும். ஒருவன் பட்ட கடன் அவன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கட்டிப்போடலாகாது என்பதே இதன் கருத்து.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய யூத மக்களின் சட்டம் தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு எதற்கு என்று எவரேனும் கேட்கலாம். நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களே அதற்குப் பதில் சொல்லும்.

விலைக்கு விற்கப்பட்ட மனிதர்

நம் நதி பொதிகையில் பிறந்து, நெல்லும் வாழையும் விளைவித்து, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. இந்த வளமான கரையிலே மனிதரும் நிலத்தோடு சேர்த்து உரிமையாக்கப்பட்டிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. உழவும் நடவும் அறுப்பும் செய்த தாழ்த்தப்பட்ட மக்கள் பலர் பண்ணையாளாக, படியாளாக, அடிமையாக ஒரே நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தனர். நிலம் கைமாறினால் அவர்களும் கைமாறினர்.

கடற்கரையிலும் அதே நிலைதான். 1542-ம் ஆண்டு புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544-ம் ஆண்டில் அவர் தம் உதவியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில், கிறிஸ்தவர்களான போர்த்துக்கீசிய அதிகாரிகளே இந்த ஏழை மக்களை வாட்டுவதைக் கண்டு மனம் நொந்து கண்டித்திருக்கிறார். 1658-ல் தூத்துக்குடி டச்சுக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம், பசிக்கு விற்கப்பட்ட மனிதரைத் தென் தமிழகத்திலிருந்து இலங்கைக்குக் கப்பலேற்றினர்.

ஆங்கில அரசு 1843-ம் ஆண்டு 5-ம் சட்டத்தின் மூலம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. 1860-ம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிற்று. சட்டத்தின்படி அடிமைத்தனம் அத்துடன் ஒழிந்தது. ஆனால் விடுதலையான மனிதனுக்கு நிலமும் இல்லை, நெல்லும் இல்லை. பண்ணையாரிடம் முன்பு வாங்கிய கடன் மட்டும் இருந்தது. ஆகவே பெயர் மாறிற்று, கட்டு மாறவில்லை.

கண்டிச் சீமைக்குப் போனவர்கள்

அந்தக் காலத்தில்தான் கடலுக்கு அப்பாலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இலங்கையின் மலைநாட்டில் 1830-களில் தொடங்கி வெள்ளைக்காரத் துரைமார் காடழித்துக் காப்பித் தோட்டம் போட்டனர். 1869-ல் காப்பி இலையில் ஒருவகை நோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து, அதன் இடத்தில் தேயிலை வந்தது. காப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் அதிகம் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். அந்த ஆட்கள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர், சேலம் சீமைகளிலிருந்து போனார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் பலரை வீட்டை விட்டுத் துரத்தியது.

முதலில் போனவர்கள் நடந்தே போனார்கள். தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து வன்னிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடை. வாந்திபேதியிலும் காட்டுக்காய்ச்சலிலும் பலர் வழியிலேயே மடிந்தனர். பின்னர் 1876-ல் ரயில் வந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடிற்று. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் கூலிகளைத் தங்கவைக்க முகாம் எழுந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பின் மண்டபம் முகாம் முக்கியமாயிற்று. கூலியின் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கட்டி அனுப்பும் வழக்கமும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. சரக்குக்கு விலாசம் ஒட்டுவது போல!

நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களில் அந்நாளைய குருக்கள் ஓரத்தில் சிறு எழுத்தில் குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறார்கள். "கண்டிக்குப் போனான்", "தாயுடன் சீமைக்குப் போயிற்று", "அக்கரையில் மரித்ததாகக் கேள்வி" என்று பக்கத்துக்குப் பக்கம் காண்கிறோம். சில வீடுகளில் அண்ணன், தம்பி, கொழுந்தியாள், கைக்குழந்தை என அத்தனை பெயருக்கும் எதிரே ஒரே குறிப்பு. நாம் இப்பங்குக்கு வந்த முதல் ஆண்டில் ஒரு மழைக்காலத்து மாலையில் இப்புத்தகங்களைப் புரட்டியபோது, நாள்தோறும் பூசைக்கு வரும் குடும்பங்களின் வீட்டுப் பெயர்களை அங்கே கண்டு திடுக்கிட்டோம். இவர்களின் பாட்டனும் பூட்டனும் அல்லவா!

கங்காணியும் துண்டும்

இவர்களை அழைத்துப் போனவர் யார்? துரையல்ல, கங்காணி. அவர் நம் ஊர்க்காரர். பலவேளை நம் சாதிக்காரர், நம் உறவினர், நம் வேதக்காரர். சாவு வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் பணம் தருவார். பழைய கடனை அடைத்துவிடுவார். வழிச்செலவும் சோற்றுச் செலவும் தாமே போடுவார். தோட்டத்தில் இறங்கிய அன்றே இவையெல்லாம் கூலியின் பெயரில் கணக்கேறிவிடும். அரிசியும் கம்பளியும் அதில் சேரும். கூலி பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குச் சில காசு கிடைக்கும். ஆகவே ஆள் தப்பிப் போகாதிருப்பதே அவருக்கு ஆதாயம்.

கூலி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் "துண்டு" வேண்டும். இந்தக் கூலியின் கடன் இத்தனை ரூபாய், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. கங்காணி அத்துண்டை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். புதிய துரை பழைய கடனைக் கட்டி ஆட்களை ஏற்பார். அத்தொகையும், புதிதாகக் கொடுத்த முன்பணமும் மறுபடியும் கூலியின் தலையில் ஏறும். இப்படித் துண்டுக்குத் துண்டு கடன் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. 1865-ம் ஆண்டின் இலங்கைச் சட்டப்படி முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போவது குற்றம். அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. மனிதனை விற்பது சட்டத்தில் இல்லை. மனிதனின் கடனை விற்கலாம். கடனோடு மனிதனும் போவான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது உண்மைக்கு விரோதமாகும். நம் கோயிலின் பெரிய மணி அக்காலத்தில் ஒரு கங்காணி கொடுத்த காணிக்கை என்று முதியவர்கள் சொல்லுவார்கள். அவர் பக்தியுள்ளவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மணிக்கு ஆன பணம் எங்கிருந்து வந்தது? ஒரு பாட்டி நம்மிடம் சொன்னார்: "சாமி, அது எங்க ஆத்தாமாரு கொழுந்து கிள்ளுன காசு." அவரைத் திருத்த நமக்கு வாய் வரவில்லை.

விலங்கு முறிந்த விதம்

இந்தக் கட்டு எப்படி அவிழ்ந்தது? கங்காணிமாரின் மனம் இளகியதனால் அன்று. 1921-ம் ஆண்டில் இலங்கையில் துண்டு முறையைச் சட்டம் தடை செய்தது. 1922-ம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், இந்திய அரசு ஏற்ற நிபந்தனைகளின்படியன்றிக் கூலிகளை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லக் கூடாது என்றது. அதன் பின் வழிச்செலவைக் கூலியின் கணக்கில் எழுதாமல் தோட்டக்காரர்களின் பொது நிதியே ஏற்றது. 1923 முதல் இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் கண்டியில் இருந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். 1927-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1931-ல் தஞ்சைச் சீமையில் பிறந்த கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனம் நிறுவி, தம் மனைவி மீனாட்சியம்மையோடு சேர்ந்து அவர்களுக்காகப் பாடுபட்டார்.

இவற்றைக் கூர்ந்து பார்த்தால் மூன்று காரியங்கள் விளங்கும். முதலாவது, கடன் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கப்பட்டது. இரண்டாவது, கணக்கை வெளியார் ஒருவர் வந்து பார்த்தார். மூன்றாவது, தொழிலாளி தன் வாயால் பேச ஒரு சங்கம் கிடைத்தது. அடிமைத்தனம் எங்கே ஒழிந்தாலும் இம்மூன்றினாலேயே ஒழிகிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது வேறு பெயரில் திரும்பி வரும்.

திரும்பி வந்தவர்கள்

நூறு ஆண்டு உழைத்த பின்பும் அக்கரையில் இம்மக்கள் அந்நியராகவே எண்ணப்பட்டனர். 1948-ம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. மனிதரைத் தேங்காய் எண்ணுவது போல எண்ணிப் பிரித்தார்கள்.

நாம் சிறுவனாயிருந்த நாளில் அப்படித் திரும்பிய குடும்பங்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறோம். தகரப் பெட்டியும் தேயிலைப் பொட்டலமும் கையில் ஒரு குடும்ப அட்டையுமாக வந்து இறங்கினார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். அங்கே அவர்களை "இந்தியாக்காரன்" என்றார்கள். இங்கே நாம் "சிலோன்காரன்" என்றோம். தாத்தா பிறந்த ஊரில் அவர்களுக்கு ஒரு சென்ட் நிலமும் மிஞ்சியிருக்கவில்லை. இப்படித் திரும்பியவர்களுள் சிலர் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் குத்தகைதாரரிடம் முன்பணம் வாங்கி மறுபடியும் கொத்தடிமையாகச் சிக்கினர். கண்டியில் அறுபட்ட கயிறு கொடைக்கானலில் மீண்டும் கட்டப்பட்டது.

மலைமேல் ஒரு தோட்டம்

கடல் தாண்டித்தான் தோட்டம் என்பதில்லை. மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் நம் எல்லோருக்கும் தெரியும். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன், ஏறத்தாழ 8,374 ஏக்கர் மலைக்காட்டைப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. நம் மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஏழை மக்கள் மலையேறி, லயன் வீடுகளில் தங்கி, தலைமுறை தலைமுறையாக உழைத்தனர்.

1999-ம் ஆண்டு ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்கக் கேட்டும், இத்தொழிலாளரும் அவர்களை ஆதரித்தோரும் நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். ஆற்றங்கரையில் போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் உயிரிழந்தனர். நாம் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் மொள்ளும் அதே ஆறு. ஆண்டுதோறும் அந்நாளில் ஆற்றில் மலர் தூவுகிறவர்களைப் பார்க்கிறோம். நாம் எந்தக் கட்சியையும் சேர்ந்தவரல்லோம். ஆயினும் அந்த 17 ஆத்துமாக்களையும் நம் பூசையில் நினைக்கிறோம்.

2024-ல் கம்பெனி தோட்டத்தை விட்டு விலகத் தொடங்கி, தொழிலாளரை விருப்ப ஓய்வில் போகச் சொல்லிற்று. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் தொழிலாளருக்காகப் போடப்பட்ட மனுக்கள் தள்ளுபடியாயின. காடு காடாகவே இருக்கவேண்டும் என்பதற்கும் நியாயம் உண்டு. ஆனால் மூன்று தலைமுறை உழைத்தவன் மலையிலிருந்து இறங்கும்போது எந்த வீட்டுக்குப் போவான்? யூபிலிச் சட்டம் கேட்கும் கேள்வியும் அதுவே.

இன்று நம் வாசலில்

இதுவரை எழுதியதை வாசித்து, "ஐயோ, நம் முன்னோர் பட்ட பாடு!" என்று கண்ணீர் விடுவது எளிது. இனிச் சொல்லப்போவது அத்தனை எளிதன்று.

இன்று நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். ஏஜெண்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். அங்கே சேர்ந்ததும் சிலருடைய பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்கிறார். நம் பெண்பிள்ளைகள் சிலர் மூன்று ஆண்டு விடுதியில் தங்கி உழைத்தால் முடிவில் கலியாணத்துக்குத் தொகை கிடைக்கும் என்ற "சுமங்கலித் திட்டம்" என்னும் பேச்சை நம்பிக் கொங்கு நாட்டு நூற்பாலைகளுக்குப் போனார்கள். இடையில் நோயுற்றுத் திரும்பியவளுக்கு அத்தொகை கிடைக்கவில்லை. பெயர் மங்களமானது, கணக்கு பழைய கங்காணிக் கணக்கே.

மற்றொரு பக்கம், நம் ஊரைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளிலும், கோழிப் பண்ணைகளிலும், கட்டட வேலைகளிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். நாம் கண்டிக்குப் போனது போல அவர்கள் நம்மிடம் வந்திருக்கிறார்கள். இப்போது துரையும் கங்காணியும் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் சாயங்கால ஜெபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின், ஒரு பெண் காய்ச்சல் கண்ட குழந்தையோடு கோயில் வாசலில் நின்றாள். மொழி தெரியவில்லை. ஒடியா மொழி அறிந்த ஒரு கன்னியர் வந்து பேசிய பிறகே விஷயம் விளங்கிற்று. கணவனும் மனைவியும் ஒரு சூளையில் கல் அறுக்கிறார்கள். முன்பணம் வாங்கி வந்தார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. வாரந்தோறும் அரிசிக்கு மட்டும் காசு. மீதி கடனில் கழிவதாகச் சொல்லப்பட்டது. ஆதார் அட்டைகள் முதலாளியின் பெட்டியில். ஊரில் தகப்பன் இறந்த செய்தி வந்தும், கடன் தீராமல் போகக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

அந்தச் சூளையின் சொந்தக்காரர் நம் பங்கைச் சேர்ந்தவர். பெயரை எழுதோம். கோயில் காரியம் எதுவானாலும் முன்னே நிற்பவர். உடனே நாம் போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு வாரம் தயங்கினோம். கூரை வேலைக்கு அவர் பெருந்தொகை வாக்களித்திருந்தார். அதுவே காரணம் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளுகிறோம். மணி கொடுத்த கங்காணியைப் பற்றி எழுதிய கை, தன்னைப் பற்றியும் எழுத வேண்டுமல்லவா?

பிறகு போனோம். அவர் சொன்னார்: "சாமி, அட்வான்ஸ வாங்கிட்டு ராவோட ராவா ஓடிப்போயிட்டா, நான் யார்ட்ட போய்க் கேப்பேன்? நானும் வட்டிக்கு வாங்கித்தானே கொடுத்திருக்கேன்." அவர் சொன்னது பொய்யல்ல. சூளைக்காரருக்கும் நஷ்டம் வருவதுண்டு. ஆனால் தொழிலில் வரும் நஷ்டத்துக்கு அடைமானமாக ஒரு மனிதனை வைத்துக்கொள்ளச் சட்டத்திலும் இடமில்லை, வேதத்திலும் இடமில்லை. அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். அறைவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அறுத்த கல்லையெல்லாம் கூட்டிப் பார்த்தோம். பேசிய கூலியைச் சரியாகப் போட்டிருந்தால் கடன் இரண்டு மாதத்துக்கு முன்பே தீர்ந்திருக்கும். அவரே அதைக் கண்டு தலைகுனிந்தார். மீதிப் பணமும் அட்டைகளும் கொடுத்து அக்குடும்பத்தை ரயிலேற்றினோம்.

இது நல்ல முடிவு என்றே அன்று நினைத்தோம். பிறகுதான் நம் பிழை தெரிந்தது. 1976-ம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, இத்தகைய கடன் 1975 அக்டோபர் 25 முதல் செல்லாது. அதை வசூலிப்பதே குற்றம். மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ விசாரித்து விடுதலைச் சான்று தரவேண்டும். 2016-ம் ஆண்டுத் திட்டத்தின்படி மீட்கப்பட்ட ஆண் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாயும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் 2 லட்சமும், மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சமும் மறுவாழ்வுக்கு உண்டு. உடனடி உதவி 2022-ல் 30,000 ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. நாம் "ஊர்ப் பெயர் கெட வேண்டாம்" என்று அதிகாரிகளுக்குச் சொல்லாமல் சமாதானம் பேசி அனுப்பியதால், அந்த ஏழைகள் சான்றும் இல்லாமல் உதவியும் இல்லாமல் போனார்கள். நாம் காப்பாற்றியது பாதி அவர்களை. பாதி நம் ஊர்ப் பெயரை.

திருச்சபையின் குரல்

திருச்சபை இக்காரியத்தில் என்ன சொல்லுகிறது? 1537-ல் பாப்பரசர் 3-ம் சின்னப்பர், புதிதாகக் கண்ட நாடுகளின் மக்களை அடிமைப்படுத்தலாகாது என்று எழுதினார். கிறிஸ்தவ அரசர்களும் வணிகர்களும் அதைக் கேட்கவில்லை. திருச்சபையின் மக்களே அடிமைகளை வைத்திருந்தனர். 1992-ல் பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர், அடிமைகளைக் கப்பலேற்றிய ஆப்பிரிக்கக் கோரே தீவுக்குப் போய் அப்பாவத்துக்காக மன்னிப்பு வேண்டினார். பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1888-ல் பிரேசில் ஆயர்களுக்கு அடிமை ஒழிப்பைப் போற்றி எழுதினார். 1891-ல் தொழிலாளர் உரிமை பற்றிய பெரும் சுற்றுமடலை வெளியிட்டார். ஏழையின் வயிற்றுப்பாட்டைச் சாக்காக வைத்து அநியாயக் கூலிக்கு அவனை உடன்படச் செய்வது கொடுமையென்று அதில் விளக்கினார். 1982-ல் நம் நாட்டு உச்சநீதிமன்றமும், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டட வேலையாட்கள் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ம் பிரிவு தடுத்த கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது.

சின்ன வயதில் ஞானோபதேசம் படித்தவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். வானத்தை நோக்கிப் பழிக்குக் கூவும் பாவங்கள் நான்கில் ஒன்று, வேலைக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்வது. கொலையோடு சேர்த்து அதை வைத்திருக்கிறார்கள்.

இரண்டு புனிதர்களையும் நினைப்போம். நம் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்தே 1687-ல் புனித யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் கோலத்தில் இலங்கைக்குப் போனார். நம் முன்னோர் கழுத்தில் தகர வில்லையோடு போவதற்கு வெகுகாலம் முன்பே அக்கோலத்தை ஒரு குரு விரும்பி ஏற்றார். சூடான் நாட்டில் சிறுமியாகக் கடத்தப்பட்டுப் பலமுறை விற்கப்பட்ட புனித ஜோசபின் பக்கீத்தா, பின்பு இத்தாலியில் கன்னியரானார். 2000-ல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவருடைய திருநாளாகிய பிப்ரவரி 8-ம் நாளை, மனித வியாபாரத்துக்கு எதிரான ஜெப நாளாகத் திருச்சபை 2015 முதல் அனுசரிக்கிறது. 2022-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நம் கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருக்கலாம்.

யூபிலிக்குச் செய்யத்தக்கவை

யூபிலி நினைவாகக் கல்வெட்டு ஒன்று வைக்கிறோம். அதோடு இவற்றையும் செய்வோமாக.

வேலைக்கு ஆள் வைத்திருப்போர் முன்பணத்தையும் கூலியையும் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் எழுதி, ஒரு பிரதியை அவன் கையில் கொடுங்கள். எவருடைய அட்டையையும் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைக்காதீர்கள். கூலியை வாரந்தோறும் முழுதாகக் கொடுங்கள். கடனிருந்தாலும் இல்லாவிட்டாலும், போக விரும்புகிறவன் போகட்டும். சூளையிலுள்ள பிள்ளைகளை நம் பள்ளிக்கு அனுப்புங்கள். மொழி தெரியாதென்று தலைமையாசிரியர் தட்டிக்கழிக்க மாட்டார் என்பதற்கு நாம் பொறுப்பு.

வெளிநாடு போகும் பிள்ளைகள் ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்பதை 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படியுள்ள பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்டறியாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தின் நகலொன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வேண்டுமானால் அறைவீட்டில் நாம் பத்திரப்படுத்தித் தருவோம்.

எங்கேனும் ஆட்களைப் போகவிடாமல் தடுத்து வைத்திருப்பதாகத் தெரிந்தால் நம்மிடம் சொல்லுங்கள். இம்முறை ஒரு வாரம் தயங்கோம். திண்ணையில் பேசி முடிக்கவும் மாட்டோம். ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் எழுத்தில் தெரிவிப்போம். குழந்தைகளானால் 1098 என்ற எண்ணுக்கு எவரும் பேசலாம்.

அந்தச் சூளைக்காரர் கூரைப் பணத்தைப் பின்பு கொடுத்தார். வாங்குமுன் ஒரு கேள்வி கேட்டோம்: "எல்லாருக்கும் கணக்குத் தீர்த்தாச்சா?" அவர் கோபிக்கவில்லை. "தீர்த்தாச்சு சாமி, நோட்டப் பாக்கணுமா?" என்றார். பார்த்தோம். அதன்பின் வாங்கினோம். இந்த யூபிலிக்குப் பெரிய காணிக்கை தருகிற எவரிடமும் அதே கேள்வியைக் கேட்க எண்ணியிருக்கிறோம். மனம் வருந்த வேண்டாம்.

திருநாளன்று திருப்பூசைக்குப் பின், கண்டிக்குப் போன நம் முன்னோரின் பெயர்களைப் பழைய புத்தகங்களிலிருந்து எடுத்து வாசிப்போம். பெரிய மணியை அடிப்போம். அந்த ஓசையைச் சூளையிலுள்ளவர்களும் கேட்பார்கள். அன்று நடக்கும் அசனத்துக்கு அவர்களையும் அழைத்திருக்கிறோம். பந்தியில் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

நாடு விட்டு நாடு ஓடிய திருக்குடும்பத்தின் பாதுகாவலராம் புனித சூசையப்பர், ஊர் விட்டு ஊர் வந்த ஏழைகளையும், அவர்களை ஏற்றுக்கொள்ளும் இல்லங்களையும் காப்பாராக. உங்கள் அனைவருக்கும் எம் யூபிலி வாழ்த்தும் ஆசீரும்.

உங்கள் அன்புள்ள
பங்குக் குரு